இடது கைக் கோல்

எனக்கு வயது ஐம்பத்தாறு. என் வலது முழங்காலுக்கு மட்டும் எழுபத்தைந்து. சிங்கப்பூரில் எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒழுகுகிற குழாயைப் பற்றிப் பேசுவதுபோல, "ஏப்ரலில் மாற்றிவிடலாம்" என்றார். அதற்கு முன்னால் ஒரு மலையை முழுசாக நடந்து இறங்கிவிட வேண்டும் என்று எனக்கு வீம்பு. "தாராளமாக நடங்கள். ஆனால் இரண்டு கையிலும் கோல் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்களை யாராவது தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும்" என்றார் அவர்.

கோல் என்றாலே எனக்கு ஆகாது. இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமை நடைக் குழுவோடு சுற்றுகிறேன். எங்கள் ஊரில் மலை என்று பெயர் சூட்டி வைத்திருப்பதே பெரிய மேடுதான். அதற்கும் இரண்டு கோலை ஊன்றிக்கொண்டு வருகிறவர்களைக் கேலி செய்ததில் முதல் ஆள் நான். பேசின வாய்க்கு இப்போது பதில் கிடைத்தது. குழுவில் வீடு காலி செய்த ஒருவர் தன் பழைய ஜோடியை எனக்குத் தந்தார். மூன்று குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று போய், திருகினால் பூட்டிக்கொள்கிற வகை. "இடது கோலின் பூட்டு கொஞ்சம் தளர்வு. பாரம் விழ விழ உள்ளே போய்க் குட்டையாகிவிடும். இறுக்கிக்கொண்டே இருங்கள்" என்றார். வலது கால் நோகிறவர்களுக்கு இடது கைக் கோல்தான் பாரம் தாங்க வேண்டும். என் ராசிக்கு அதுதான் பழுது.

கொல்லிமலைக்குப் போனது ஸ்டெல்லாவுக்காக. திருச்சியில் நானும் அவளும் ஒரே பெஞ்சு. அவள் மலையில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸாக மூன்று வருடமாக இருக்கிறாள். முதல் நாள் ஏறுவது, இரண்டாம் நாள் அருவி, மூன்றாம் நாள் திண்ணனூர் நாட்டுப் பக்கமிருந்து ஒற்றையடிப் பாதையில் அடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் திருச்சி போய் விமானம் பிடிப்பது என்று திட்டம்.

மலையடிவாரத்தில் காரவள்ளியில் பஸ் ஏறினேன். கோல்களை மடியில் குறுக்கே வைத்திருந்தேன். எழுபது வளைவு. ஒவ்வொரு வளைவிலும் அவை பக்கத்தில் இருந்த அம்மாளின் இடுப்பில் இடித்தன. அவர் முகம் சுளிக்கவில்லை. ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதியை எனக்குக் கொடுத்தார்.

"ஏனுங்க, இது குடைங்களா?" என்று கேட்டார்.

"இல்லைம்மா. ஊன்றி நடக்கிற கோல்."

"ரெண்டும் உங்களுக்கேங்களா?"

"ஆமாம். இந்தக் கைக்கு ஒன்று, அந்தக் கைக்கு ஒன்று."

அவர் ஆரஞ்சுச் சுளையை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்து பஸ்ஸின் முன்பக்கம் போய்விட்டார். மிச்ச வளைவுகள் முழுக்கக் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தார். என் பக்கத்து இருக்கை காலியாகவே கிடந்தது. பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றபோது எல்லாரும் இறங்கி நிழலில் நின்றார்கள். அவர் மட்டும் ரோட்டின் அந்தப் பக்கம் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். இடுப்பில் குத்தியதற்குக் கோபம் என்று நினைத்து நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஸ்டெல்லாவின் குவார்ட்டர்ஸில் ராகிக் களியும் கீரைக் குழம்பும். சிங்கப்பூரில் ராகியைப் பாக்கெட்டில் வாங்கிப் பாலில் கரைத்துக் குடிக்கிறோம். அதைச் சாப்பாடு என்று சொல்ல இனி எனக்கு வாய் வராது. பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். "உன் மூஞ்சியைப் பாத்துப் பயந்திருப்பாங்க" என்றாள் ஸ்டெல்லா. கோல்களைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தாள். "ரெண்டு எதுக்குடி மல்லிகா? பனியில சறுக்கப் போறியா? வயசானவங்களே இங்க ஒத்தத் தடிதான் வச்சிருக்காங்க."

மறுநாள் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல் படி இறங்கினேன். என் வாயால் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் கோல் வேலை செய்தது. இறங்கும்போது கோலை ஒரு சாண் நீட்டிவிட்டு, முதலில் கோல், பிறகு நோகிற கால், கடைசியில் நல்ல கால் என்று போனால் முழங்கால் வாய் திறக்கவே இல்லை. சேலத்திலிருந்து வந்திருந்த குடும்பத்துப் பிள்ளைகள் "நாலு கால் ஆன்ட்டி" என்று சிரித்துக்கொண்டே என்னைத் தாண்டி ஓடினார்கள். ஏறும்போது அதே பிள்ளைகள் படியில் படுத்துக் கிடந்தார்கள். நான் கோலை ஊன்றி அவர்களைத் தாண்டி ஏறினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாம் நாள் காலை ஸ்டெல்லா தன் ஸ்கூட்டரில் தார் ரோடு முடிகிற இடம் வரை கொண்டுவந்து விட்டாள். தை மாதப் பனி இன்னும் விலகவில்லை. "பாதை நாலஞ்சு இடத்துல பிரியும். கவலைப்படாத, வழியில சின்னச் சின்ன ஊரா இருக்கு, கேட்டுக்கிட்டே போ. இந்த சனங்க மாதிரி வழி சொல்றவங்க கிடையாது, செய்யிற வேலையப் போட்டுட்டுக் கூடவே வருவாங்க" என்றாள். அவளுக்கு டியூட்டி இருந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

முதல் ஊர் ஏழெட்டு வீடுதான். ஒருவர் வாசலில் மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். "ஐயா, புளியஞ்சோலைக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டேன். நிமிர்ந்தார். என் வலது கையைப் பார்த்தார், இடது கையைப் பார்த்தார். கத்தியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். காது கேட்காதோ என்று அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கே ஒரு பெண் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து பாதையின் நடுவில் வைத்துவிட்டு, என் பக்கம் பார்க்காமல் பின்னோக்கியே நடந்து உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. அதற்கடுத்த வீட்டில் நாய் குரைத்தது. வீட்டுக்காரர் ஓடிவந்து அதன் வாயைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு என் கால்களுக்கு அப்பால் எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். "வழிதானே கேட்டேன், ஊரையா எழுதித் தரச் சொன்னேன்?" என்று உரக்கவே சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. ஊரைத் தாண்டும்போது பின்னால் சளப் சளப் என்று சத்தம். திரும்பிப் பார்த்தால், நான் நடந்து வந்த தடத்தின் மேல் அந்தப் பெண் தண்ணீர் தெளித்துக்கொண்டு வருகிறாள். நான் பார்த்ததும் நின்றாள். நடந்ததும் மறுபடி தெளித்தாள்.

இரண்டாவது ஊரிலும் இதே கதை. பாதையில் சொம்பு இருந்தது, கதவுகள் மூடியிருந்தன, முதுகுகள் திரும்பியிருந்தன. நான் வருவது முன்கூட்டியே தெரிந்தமாதிரி இருந்தது. அங்கே சொம்புத் தண்ணீரைக் குடித்தேன். நல்ல தண்ணீர், குளிர்ந்திருந்தது. அந்த ஊரைத் தாண்டியபோது கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது, அதை மறைக்க என்ன இருக்கிறது. போனில் சிக்னல் இல்லை. மிளகுக் கொடி ஏறிய மரங்கள் பனியில் பாதிதான் தெரிந்தன. பாறையில் என் கோல் முனைகள் டிக், டிக் என்றன. இடது கோலின் சத்தம் வலது கோலைவிட ஒரு நொடி பிந்தி வருவதுபோல இருந்தது. பூட்டுத் தளர்ந்து அது குட்டையாகியிருந்தது. இறுக்கிவிட்டு நடந்தேன். பத்தடியில் மறுபடி தளர்ந்தது.

மூன்றாவது ஊரின் கடைசி வீட்டில்தான் ஒரு ஆள் என் முகத்தை நேராகப் பார்த்தது. ஐம்பது வயதுப் பெண். முற்றத்துப் பாயில் மிளகு காய வைத்துக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கால் நின்றது.

"வந்துட்டீங்களா" என்றார். "எடது கைதானுங்களே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொம்போடு வந்து என் இடது கோலின் முனையில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினார். ஒட்டியிருந்த மண்ணை விரலால் துடைத்தார். நோகாமல் துடைத்தார். பிறகு கையை நீட்டினார்.

"அதை என்ற கிட்டக் குடுத்துருங்க."

"தர முடியாதும்மா. எனக்கு முழங்கால் வலி. இது இல்லாமல் நான் மலை இறங்க முடியாது" என்றேன். என் குரல் கொஞ்சம் தடிப்பாகத்தான் இருந்தது. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத ஊரில், பேசுகிற ஒரே ஆள் என் கோலைக் கேட்டால் வேறு எப்படி இருக்கும்?

அவர் கோபப்படவில்லை. "சரிங்க. மெதுவா வாங்க" என்றார். போங்க என்று சொல்லவில்லை, வாங்க என்றார். நான் திரும்பிப் பார்க்காமல் இறக்கத்தில் இறங்கினேன்.

கீழ்ப் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் போனேன். பனி இறங்கி, என் காலே எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் இடது கோல் உள்ளே போனது. ஒவ்வொரு தடவையும் பாரம் முழுதும் முழங்காலில் விழுந்தது. ஒரு இடத்தில் வலி தாங்காமல் பாறையில் சாய்ந்து நின்று அழுதேன். கோலைத் திருகினேன், திருகினேன், பிடிக்கவே இல்லை. அப்புறம் பாதை ஏறத் தொடங்கியது. இறங்க வேண்டிய பாதை ஏன் ஏறுகிறது என்று யோசித்துக்கொண்டே ஏறினேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பனிக்குள் ஒரு பாய் தெரிந்தது, பாயில் மிளகு இருந்தது.

அதே முற்றம். இப்போது அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு மரப் பலகை போட்டிருந்தது. பலகை மேல் ஒரு ஆணின் வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தது. அந்தப் பெண் சொம்போடு நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். நான் திரும்பி வருவேன் என்று இத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

"உக்காருங்க" என்றார் ஒருவர். அந்தப் பெண்ணின் கணவருக்குத் தம்பி. செங்கோடன் என்று பெயர் சொன்னார். "இந்த வாசல்ல நீங்க பேசலாமுங்க. நாங்களும் பேசலாமுங்க. இங்க மட்டுந்தான்."

அவர் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அந்தப் பக்கத்து நாலைந்து ஊர்களில் ஒரு வழக்கம். வெளியூரில் ஒருவர் இறந்துபோனால், உறவுக்காரர் ஒருவர் அங்கே போய், இறந்தவர் பேரில் ஒரு தடி வெட்டி எடுத்துக்கொண்டு நடந்தே வருவார். வலது கையில் தன்னுடைய தடி, இடது கையில் அவருடைய தடி. வழியில் அவர் யாரோடும் பேசக்கூடாது, யாரும் அவரோடு பேசக்கூடாது.

"பேச்சுக் குடுத்தா, கூட வாரவரு நம்ம ஊடுன்னு நெனச்சு அங்கயே திரும்பிருவாருங்க. அதுனாலதான் மொகம் பாக்கறதில்ல. தடத்தையும் கழுவி உட்டுருவோம். தண்ணி மட்டும் வெப்போம், தாகமா வருவாரு பாருங்க" என்றார் செங்கோடன். "ரெண்டு தடி ஊனிக்கிட்டு இங்க வேற யாரும் நடக்க மாட்டாங்க."

மூன்று வருடம் ஸ்கூட்டரில் சுற்றிய ஸ்டெல்லாவுக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை.

அந்தப் பெண்ணின் பெயர் வெள்ளையம்மா. அவர் கணவர் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற போர் வண்டியில் வேலைக்கு வடக்கே போனவர். பதினொரு வருடம் ஆகிறது. வண்டி திரும்பி வந்தது, அவர் வரவில்லை. எங்கேயோ ஒரு ஊரில் டீ குடிக்க இறங்கினவரைக் காணோம் என்றார்களாம். தேடிப் போன செங்கோடனுக்கு எந்த ஊர் என்றுகூடத் தெரியவில்லை. எந்த மண்ணில் நின்று தடி வெட்டுவது?

நான் கோலைத் தூக்கிக் காட்டினேன். "அம்மா, இது கடையில் விற்கிற சாமான். உள்ளே வெறும் அலுமினியம். நான் சிங்கப்பூரிலிருந்து வருகிறேன். உங்கள் வீட்டுக்காரரை எனக்குத் தெரியவே தெரியாது."

"கொண்டு வாரவங்களுக்குத் தெரியோணும்னு இல்லீங்க" என்றார் வெள்ளையம்மா. "வழி தெரியாம எங்கயோ நின்னுட்டே இருந்தாரு. யாரோ ஒருத்தரு கையப் புடிச்சுட்டு வந்துட்டாரு. அந்தப் பக்கம் போனீங்கல்லங்க, உட்டாரா?"

எனக்கு வேறு ஒரு பயம் வந்தது, கேட்டும்விட்டேன். "அவர் உயிரோடு இருந்தால்?"

வெள்ளையம்மா குனிந்து மிளகை ஒரு கை அள்ளி மறுபடி பாயில் விட்டார்.

"இருந்தா வருவாருங்க. வந்தாச் சோறு போடுவேன்" என்றார். "பதினோரு வருசமா நான் அழுவுலீங்க. உசுரோட இருக்கறவருக்கு அழுதா, நானே கொன்ன மாதிரி ஆயிருமுங்க. ஒரு தடி வந்தாத்தான் நான் அழுவ முடியும்."

நான் அந்தக் கோலைக் கொடுத்தால் முன்பின் தெரியாத ஒரு மனிதன் செத்தவனாகிவிடுவான். கொடுக்காவிட்டால் இந்த அம்மாள் இன்னும் எத்தனை வருடம் இப்படியே மிளகு கிளறிக்கொண்டிருப்பார்? என் முழங்கால் வேறு விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. அந்த முற்றத்தில் நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. கடைசியில் இடது கையை நீட்டினேன்.

கோலின் கைப்பட்டை மணிக்கட்டில் இறுகிக்கொண்டு வரமாட்டேன் என்றது. நான் இழுத்தேன். "நீங்க உடுங்க" என்று வெள்ளையம்மாவே பட்டையைத் தளர்த்தி என் விரல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். கோல் அவர் கைக்குப் போனதும் என் தோள் சட்டென்று லேசாயிற்று. அவ்வளவு பாரத்தையா நான் காலையிலிருந்து சுமந்து வந்தேன்? அந்தக் கோல் கால் கிலோகூட இருக்காது.

அவர் கோலைப் பலகையில் கிடத்திச் சட்டையைப் போர்த்தினார். பிறகு அழுதார். அந்த மாதிரி அழுகையை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. மற்ற பெண்கள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன், வெட்கப்படாமல்.

களியும் அவரைக் குழம்பும் கொடுத்துச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள். ஒரு கோலோடு எப்படி இறங்குவது என்று விழித்தேன். மூங்கில் ஒன்று வெட்டித் தரச் சொல்லிக் கேட்டேன். செங்கோடன் தலையை ஆட்டினார். "ரெண்டு வேண்டாமுங்க. நான் வாரேன். எடது பக்கம் என்ற தோளப் புடிச்சுக்குங்க, சாமி."

அப்படித்தான் இறங்கினேன், வலது கையில் கோலும் இடது கையில் செங்கோடன் தோளுமாக. பனி விலகியிருந்தது. வழியில் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரும் நின்று பேசினார்கள். எந்த ஊருங்க, எத்தனை பிள்ளைங்க, கால் என்னாச்சுங்க என்று கேட்டுக் கேட்டு ஓயவில்லை. பாதை ஒரு இடத்திலும் தப்பவில்லை. காலையில் நான் இடது பக்கம் திரும்பிய பிரிவில் செங்கோடன் வலது பக்கம் போனார். "அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். "மேல சுத்தி எங்கண்ணன் ஊட்டுக்கே போயிருமுங்க" என்றார். காரணம் அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புளியஞ்சோலை ஓடையில் காலை நனைத்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவர் ஓடையைத் தாண்டவில்லை. துறையூர் பஸ் புறப்படும்வரை அந்தக் கரையிலேயே நின்றிருந்தார்.

முழங்காலை ஏப்ரலில் மாற்றிவிட்டார்கள். நடைக் குழுவில் புதியவர்கள் கோல் வாங்கலாமா என்று கேட்டால் வாங்குங்கள் என்கிறேன். இரண்டா என்றால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

கட்டிலில் கால் நீட்டிக் கிடந்த ஒரு மத்தியானம் ஸ்டெல்லா கூப்பிட்டாள். தடுப்பூசி போடுகிற வேலையாக அந்தப் பக்கம் போயிருக்கிறாள். கோயில் காட்டின் ஓரத்தில் என் கோலை நட்டு, அந்த வெள்ளைச் சட்டையை அதற்கு மாட்டியிருக்கிறார்களாம்.

"ஆனா ஒண்ணுடி மல்லிகா. நட்டப்போ நெஞ்சு உயரம் இருந்துச்சாம். நான் பாக்கறப்போ முட்டி உயரந்தான் இருக்கு. சட்டை மண்ணைத் தொட்டுருச்சு. எனக்குப் பாக்கவே ஒரு மாதிரி ஆயிருச்சு. அந்தம்மாகிட்டக் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'இத்தன வருசம் நின்னுட்டே இருந்தவருங்க, இப்பத்தான் உக்கார்றாரு'ன்னாங்க."

அந்தப் பூட்டின் தளர்வு எனக்குத் தெரியும். பாரம் விழ விழ உள்ளே போகும் என்பதும் தெரியும். கையில் மயிர் சிலிர்த்து நின்றதும் உண்மை.

"திருகுப் பூட்டுன்னு நீ சொன்னது ஞாபகம் இருக்கு. அடுத்த வாரம் போறப்போ நீட்டி இறுக்கி விட்டுட்டு வரட்டுமா?" என்றாள் ஸ்டெல்லா.

"வேண்டாம், தொடாதே" என்றேன். "உட்காரட்டும்."